கடற்கரையில் இரண்டு நாள்: ஒரு பழைய வழக்கத்தின் கதை

சென்ற பொதுக்குழுவில் கோடைச் சுற்றுலா பற்றிப் பேச்சு வந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு தரப்பின் திட்டம்: வெள்ளி இரவு பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புவதற்குள் ஏழு ஊர், நான்கு கோயில், ஒரு அணை. இன்னொரு தரப்பில் பெரும்பாலும் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள். மாமல்லபுரம் பக்கம் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கலாம், பிள்ளைகள் மணலில் விளையாடட்டும் என்பது அவர்கள் யோசனை. "இவ்வளவு காசு கொடுத்து மணலைப் பார்க்கவா போகணும்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தோம். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்பதால், இதைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். குழந்தைகளோடு கடற்கரைக்குப் போய், எதையும் 'கவர்' பண்ணாமல் சும்மா இருப்பது யாருடைய பழக்கம்? வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்ததா? நேற்று முளைத்த ரிசார்ட் நாகரிகமா? இந்தக் கேள்விகளோடு என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். கிடைத்ததைச் சொல்கிறேன். முடிவு எடுக்க வேண்டியது பொதுக்குழு.

பௌர்ணமிக்கு லீவு

முதலில் நம் ஊர்க் கதை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகால் சோழனைப் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தை விரிவாகக் காட்டுகிறது. சுங்கச் சாவடி, மூட்டைகள், கப்பல்கள் என்று வணிகத்தைச் சொல்லும் பகுதியைத்தான் பாடப் புத்தகத்தில் வைப்பார்கள். அதே நூலில் ஒரு விடுமுறை நாளும் இருக்கிறது.

பௌர்ணமி அன்று பரதவர்கள் கடலுக்குப் போகவில்லை. மீனின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகிறார்கள், தாழம்பூ சூடுகிறார்கள், கள் குடிக்கிறார்கள், தங்கள் பெண்களோடு சேர்ந்து உண்டு ஆடுகிறார்கள். பிறகு காவிரி கடலில் கலக்கும் இடத்துக்குப் புலவர் நம்மைக் கூட்டிப் போகிறார். ஆறு கடலைச் சேர்வது அவருக்குத் தாயின் மார்பைத் தழுவும் குழந்தையாகத் தெரிகிறது. அங்கே மக்கள் கடலில் குளிக்கிறார்கள். உப்புப் போக ஆற்று நீரில் மறுபடி குளிக்கிறார்கள். நண்டைத் துரத்துகிறார்கள், அலையில் இறங்கி ஆடுகிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள், நாள் முழுவதும் விளையாடுகிறார்கள்.

இன்று கோவளத்திலோ பெசன்ட் நகரிலோ ஒரு குடும்பம் செய்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கடல் குளியலுக்குப் பிறகு நல்ல தண்ணீரில் குளிப்பது உட்பட எதுவும் மாறவில்லை. ஐஸ்கிரீம் வண்டி மட்டும்தான் புதிது!

இது ஒரே ஒரு பாட்டின் கற்பனையும் அல்ல. நெய்தல் திணைப் பாடல்களில் பெண்கள் மணலில் சிறு வீடு கட்டுவதும் நண்டை ஆட்டுவதும் திரும்பத் திரும்ப வரும். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றில் பருவம் என்றே ஒரு பகுதி உண்டு. தாங்கள் கட்டிய மணல் வீட்டை மிதித்துக் கலைக்காதே என்று சிறுமிகள் பாட்டுடைத் தலைவனான சிறுவனிடம் கெஞ்சுவது அதன் பொருள். அண்ணன் வந்து தங்கையின் மணல் கோட்டையை உதைப்பதும், தங்கை அம்மாவிடம் ஓடுவதும் இலக்கியத்தில் ஏறிய பழைய பிரச்சினைதான்.

சிலப்பதிகாரத்திலும் புகாரில் இந்திர விழா முடிந்ததும் ஊர் மக்கள் கடலாடப் போகிறார்கள். கோவலனும் மாதவியும் அங்கேதான் யாழ் மீட்டிப் பாடிப் பிரிகிறார்கள். கடற்கரைச் சுற்றுலாவில் கணவன் மனைவி சண்டை வருவதற்கும் நம்மிடம் பழைய ஆதாரம் இருக்கிறது.

ஆக, கடற்கரை விளையாட்டு நமக்கு இரவல் இல்லை. ஆனால் அது பண்டிகை நாளையும் பௌர்ணமியையும் ஒட்டி வந்தது. மற்ற நாட்களில் கரை, வேலை செய்கிற இடம். வலை உலரும், மீன் காயும், படகு ஏறும் இறங்கும். கரையில் வாழாத மற்றவர்களுக்கு ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் என்று கடலாட நாள் குறித்திருந்தது. கடலோரம் போய் அறை எடுத்துத் தங்கி, நாலு நாள் இருந்துவிட்டு வருவது வேறு இடத்தில், வேறு காரணத்துக்காகத் தொடங்கியது.

டாக்டர் சீட்டில் கடல்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஸ்கார்பரோ என்ற ஊர். 1620களில் அங்கே கடலோரப் பாறையடியில் ஒரு தாது நீர் ஊற்று கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நீரைக் குடித்தால் நோய் தீரும் என்று பணக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். 1660களில் விட்டி என்ற மருத்துவர் அந்த ஊற்றோடு கடல் குளியலையும் பரிந்துரைத்தார். 1735இல் வரைந்த ஸ்கார்பரோ படம் ஒன்றில் சக்கரம் வைத்த சிறு அறை ஒன்று தண்ணீரில் நிற்பதைப் பார்க்கலாம். கரையில் அதற்குள் ஏறி, உடை மாற்றிக்கொண்டு, வண்டி தண்ணீருக்குள் போனதும் மறுபக்கப் படி வழியாகக் கடலில் இறங்குவார்கள். யார் கண்ணிலும் படக் கூடாதே!

அடுத்தவர் ரிச்சர்ட் ரஸல். கழலை நோய்களுக்குக் கடல் நீர் நல்லது என்று 1750இல் லத்தீனில் ஒரு நூல் எழுதினார். குளிப்பதோடு நிறுத்தவில்லை, கடல் நீரைக் குடிக்கவும் சொன்னார். அவர் குடியேறிய பிரைட்டன் அப்போது தளர்ந்துபோயிருந்த மீனவர் ஊர். சில பத்து ஆண்டுகளில் அது நாகரிக ஊராக மாறியது. 'டிப்பர்' என்று அழைக்கப்பட்ட பலசாலிப் பெண்கள் நோயாளியைப் பிடித்து அலையில் முக்கி எடுப்பார்கள். பிரைட்டனின் மார்த்தா கன் அவர்களில் மிகப் பெயர் பெற்றவர். 1789இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வேமத் ஊரில் கடலில் முங்கியபோது பக்கத்துக் குளியல் வண்டியிலிருந்து வாத்தியக் குழு தேசிய கீதம் வாசித்தது.

இந்தக் கதையில் குழந்தைகள் எங்கே? நோயாளிகளாக இருந்தார்கள். கழுத்தில் காசநோய்க் கட்டி வந்த ஏழைகளுக்காக 1790களில் மார்கேட் ஊரில் கடல் குளியல் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. அங்கே சேர்ந்தவர்களில் பிள்ளைகள் நிறைய. குளிர்ந்த காலையில், முன்பின் தெரியாத ஒருவர் கையில் பிடித்துக் கொடுக்கப்பட்டு, தலைகீழாக அலையில் முக்கப்படும் குழந்தைக்கு அது எப்படி இருந்திருக்கும்! கடலைக் கண்டதும் அழும் பிள்ளையை "தைரியமா இறங்கு" என்று இழுத்துப் போகும் அப்பாக்களைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்த டிப்பர்கள் நினைவுதான் வரும்.

ரயிலும் வாளியும்

கடற்கரையை நோயாளிகளிடமிருந்து குழந்தைகளுக்கு மாற்றித் தந்தது பெரும்பாலும் ரயில். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1841இலும், வடமேற்கில் பிளாக்பூலுக்கு 1846இலும் ரயில் வந்தது. குதிரை வண்டிக்கு ஆகும் செலவு தாங்காத குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் மூன்றாம் வகுப்பில் குடும்பத்தோடு ஏறினார்கள். 1871இல் ஜான் லப்பக் கொண்டுவந்த சட்டம், இங்கிலாந்தில் நான்கு நாட்களை வங்கி விடுமுறையாக்கியது. அவற்றில் ஒன்று ஆகஸ்டின் முதல் திங்கள். அன்று கடலோர ரயில்களில் நிற்க இடம் இருக்காது.

லங்காஷயர் பருத்தி ஆலை ஊர்களின் பழக்கம் இன்னும் சுவையானது. ஆண்டுக்கு ஒரு வாரம் ஊரிலுள்ள ஆலைகள் எல்லாம் மூடும். ஒவ்வொரு ஊருக்கும் வெவ்வேறு வாரம். அந்த வாரம் ஊரே பிளாக்பூலுக்குக் கிளம்பிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்தான் அங்கேயும் பக்கத்து அறையில் இருப்பார். அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. அதனால் ஆண்டு முழுவதும் வாரா வாரம் சீட்டுக் கட்டுவதுபோலச் சங்கத்தில் பணம் சேர்த்து, அதை எடுத்துக்கொண்டு போவார்கள்.

தங்கிய விதம் நமக்கு இன்னும் நெருக்கம். அறைக்கு வாடகை கொடுப்பார்கள், அரிசி பருப்புக்குச் சமமான சாமான்களைத் தாங்களே கடையில் வாங்கிவந்து வீட்டுக்கார அம்மாவிடம் கொடுப்பார்கள். அவர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகச் சமைத்துப் போடுவார். இந்த ஏற்பாட்டின் பெயரே 'அபார்ட்மென்ட்ஸ்'. நாமும் அபார்ட்மென்ட்காரர்கள்தான். ஆனால் அப்படிச் சமைத்துத் தர இங்கே யாரும் முன்வரப்போவதில்லை.

இந்தக் காலத்தில்தான் கடற்கரையில் குழந்தைக்கென்று பொருள்கள் வந்தன: சின்ன வாளி, மண்வெட்டி, கழுதைச் சவாரி, பொம்மலாட்டம். பெரியவர் மருந்தாகப் பார்த்த உப்புத் தண்ணீரைக் குழந்தை வாளியில் மொண்டு குழியில் ஊற்றியது. குழி நிறையவில்லை, மறுபடி மொண்டது. கடற்கரையில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பெரியவர்கள் 100 ஆண்டாகத் தேடிய பதில் அங்கே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மெரினா மணல் எங்கிருந்து வந்தது?

இனி சென்னை. நாம் மெரினாவின் அகலத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். 150 ஆண்டுகளுக்கு முன் அந்த அகலம் இல்லை. 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரமாக மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தடுக்கப்பட்ட மணல் சுவருக்குத் தெற்கே சேர்ந்து மெரினாவாக விரிந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. அங்கே கல் கொட்டித் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் கிடைத்த அதே காரணத்தால் இன்னொரு பக்கத்துப் பிள்ளைகளின் வாசலுக்குக் கடல் வந்தது. பேரப்பிள்ளைகளுக்கு மெரினாவைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், கரையோரம் நடைபாதை போட்டு, சிசிலித் தீவின் நினைவில் அதற்கு 'மெரினா' என்று பெயர் வைத்தார். 1909இல் அங்கே மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அப்படி ஒன்று அதுதான் முதல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள்.

விடுமுறை வரலாற்றில் மெரினாவுக்கு இன்னொரு இடம் உண்டு. இந்தியாவின் முதல் மே தினம் 1923ஆம் ஆண்டு மே 1 அன்று சென்னையில்தான் கொண்டாடப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். ஏற்பாடு செய்தவர் சிங்காரவேலர். அவரே சென்னை மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். மே முதல் நாளைத் தொழிலாளர்களுக்கு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். பௌர்ணமிக்கு வலையை மடித்து வைத்தவர்களின் வழிவந்த ஒருவர், ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அதே மணலில் நின்று கேட்டார். 1959இல் ராய் சவுத்ரி வடித்த உழைப்பாளர் சிலையும் மெரினாவில்தான் வைக்கப்பட்டது. பாறையைப் புரட்டும் அந்த நால்வருக்குக் கீழே இன்று பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.

சம்பளத்தோடு ஓய்வு

இங்கே சொந்தக் கதை கொஞ்சம். நாங்கள் திருவல்லிக்கேணியில் வளர்ந்தோம். வீட்டிலிருந்து கடல் கால் மணி நேர நடை. ஆனாலும் அப்பாவோடு கடற்கரைக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு தனியார் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. வராத நாளுக்குக் கூலி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் வேலை இருக்கும். காணும் பொங்கல் அன்று மட்டும் எங்களைக் கூட்டிப்போவார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாளும் அவர் மணலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் நேரம் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ. "போலாமா?" என்பதுதான் கடற்கரையில் அவர் அதிகம் பேசிய சொல்.

சம்பளத்தோடு விடுப்பு என்பது உலகம் முழுவதுமே புதிய சமாசாரம். 1936இல் பிரான்ஸில் பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு தொழிலாளர்களுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பு சட்டமானது. லேயோ லக்ராஞ்ச் என்ற துணை அமைச்சர், விடுப்பில் போகும் தொழிலாளர்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடிக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் கோடையில் பல குடும்பங்கள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கடலைப் பார்த்தன. அதே ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஆண்டுக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் சம்பள விடுப்பு வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 12 நாள். பிரிட்டனில் 1938இல் சட்டம் வந்தது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு 20 நாள் உழைப்புக்கும் ஒரு நாள் சம்பள விடுப்பு என்று இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை 1956இல் வந்தது. நாம் எல்.டி.சி. என்று சொல்வது அதைத்தான். நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற பலர் பிள்ளைகளைக் கன்னியாகுமரிக்கும் பூரிக்கும் கூட்டிப்போனது அந்த எல்.டி.சி.யில்தான்.

இந்த இடத்தில் சங்கத்தின் முன் ஒரு விஷயத்தை வைக்க விரும்புகிறேன். நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்கள் தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்புக்குள் வந்ததில்லை. அவர்களுக்கு லீவு என்பது நாம் கொடுத்தால் உண்டு. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்களுக்கும் நாம் ஊருக்குப் போகும் நாட்களில்தான் வேலை அதிகம். நாம் சுற்றுலா போகும் இரண்டு நாளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். நம்மிடம் வேலை செய்பவர்களுக்குக் கோடையில் சம்பளத்தோடு இரண்டு நாள் முறை வைத்து விடுவது பற்றியும் அதே கூட்டத்தில் பேசலாமே. என் அப்பாவுக்கு அப்படி இரண்டு நாள் கிடைத்திருந்தால் அவர் மணலில் உட்கார்ந்திருப்பார்.

கடல் விளையாட்டுப் பொருள் இல்லை

இன்பத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் வரலாறு பாதிதான் ஆகும். எலியட்ஸ் பீச்சில் வெள்ளையாக நிற்கும் வளைவு மண்டபத்தின் முன் நாம் எல்லோரும் போட்டோ எடுத்திருப்போம். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்ற இறங்கி உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவரின் நினைவுச் சின்னம் அது. நம் கடலில் நீச்சல் தெரிந்தவரும் போயிருக்கிறார்.

காரணம் அலை மட்டும் அல்ல. கரையில் வந்து மோதும் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். அது சில இடங்களில் ஒரே வாய்க்காலாகச் சேர்ந்து கடலை நோக்கி வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை உடைவது குறைவாக இருப்பதால், பார்ப்பதற்கு அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். விவரம் தெரியாதவர்கள் குழந்தையை இறக்கத் தேர்ந்தெடுப்பதும் அந்த இடத்தைத்தான். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர் நீச்சல் போட்டுக் களைத்துப் போகக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுப்பைத் தாண்டிய பிறகு கரைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே விதி: பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில், போனைப் பார்க்காமல் நிற்க வேண்டும். அந்தந்த ஊர் மீனவர் "இங்கே இறங்காதீங்க" என்றால் மறுபேச்சு கிடையாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. மெரினாவில் நடந்துகொண்டிருந்தவர்களும் கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளும் அலையில் போனார்கள். தமிழகத்தில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். மிக அதிகமாக இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அதே காலை, தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு கடற்கரையில் பெற்றோர், தங்கையோடு விடுமுறைக்கு வந்திருந்தாள் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி. கடல் நுரைத்துக்கொண்டு வித்தியாசமாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் ஆண்ட்ரூ கியர்னி என்ற ஆசிரியர் சுனாமி பற்றி நடத்தியது நினைவுக்கு வந்தது. கத்திச் சொன்னாள். அப்பா காவலாளியிடம் சொன்னார், கரை காலியானது. அந்தக் கரையில் நூறு பேர் அளவில் உயிர் தப்பினார்கள். ஆசிரியராக இருந்தவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறில்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. ஆனாலும் கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லிக் கொடுப்போம்.

நண்டு வீடு

இன்னும் ஒரே ஒரு செய்தி. 1850களில் பிலிப் ஹென்றி காஸ் என்ற இயற்கை அறிஞர், இங்கிலாந்துக் கடலோரப் பாறைக் குட்டைகளில் வாழும் உயிர்களைப் பற்றி அழகான நூல்கள் எழுதினார். அவற்றைப் படித்துவிட்டு ஊர் ஊராக மக்கள் குட்டைகளுக்குப் படையெடுத்து, கண்டதையெல்லாம் பிடுங்கிக் கண்ணாடித் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குட்டைகள் சூறையாடப்பட்டதைப் பின்னால் அவர் மகன் எட்மண்ட் வருத்தத்தோடு எழுதினார். நம் கரைக்கும் விருந்தாளிகள் உண்டு. ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட வருகின்றன. 1970களிலிருந்தே அவற்றுக்காக ஆர்வலர்கள் இரவில் மணலில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். பிள்ளைகள் சோழி பொறுக்கட்டும். உயிரோடு இருப்பதை மட்டும் அங்கேயே விட்டுவரப் பழக்குவோம்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு மாமல்லபுரம் போயிருந்தோம். பேரன்களுக்கு ஆறு வயது, மூன்று வயது. வரலாற்று வாத்தியார் சும்மா இருப்பேனா? முதல் நாளே ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் எல்லாவற்றையும் காட்டி விளக்கினேன். பெரியவன் தண்ணீர் கேட்டான். சின்னவன் என் தோளில் தூங்கினான். மறுநாள் காலை ஆறரைக்குக் கரைக்குப் போனோம், வேறு திட்டம் இல்லை. சின்னவன் ஒரு நண்டு வளையைக் கண்டுபிடித்து அதன் முன் குப்புறப் படுத்துவிட்டான். நண்டு எட்டிப் பார்க்கும், உள்ளே ஓடும். இவன் சிரிப்பான். வெயில் ஏறும் வரை அதுவேதான். பெரியவன் கட்டிய கோட்டையில் எனக்கு ஒரு மதில் வேலை கொடுத்திருந்தான். என் மகள் பல மாதத்துக்குப் பிறகு கையில் போன் இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் ஆபீஸ் கவலையை முழுதாகச் சொல்லி முடித்தாள். வீட்டுக்கு வந்ததும் பாட்டி சின்னவனிடம், "மாமல்லபுரத்தில் என்னடா பார்த்தே?" என்று கேட்டாள். "நண்டு வீடு" என்றான்.

ஏழு ஊர் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கோயில்கள் பார்க்க வேண்டியவைதான், பெரியவர்கள் மட்டும் போகும் ஒரு தனிப் பயணத்தை ஐப்பசியில் வைக்கலாம். ஆனால் சின்னப் பிள்ளைகள் வருகிற கோடைப் பயணத்துக்கு என் வாக்கு ஒரே இடம், இரண்டு இரவு. காலை ஆறு முதல் எட்டரை வரை கரை, வெயில் நேரம் அறை, சாயங்காலம் மறுபடி கரை. நிகழ்ச்சி நிரல் அவ்வளவே.

பின்வரிசையிலிருந்து கேட்ட நண்பருக்கு ஒரு சொல்: மணலைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டாம் சார், அது இலவசம். நாம் கொடுப்பது இரண்டு நாள் நேரத்துக்கு. அதைப் பெறத்தான் பலர் பல காலம் போராடியிருக்கிறார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் சந்திப்போம். உங்கள் வீட்டில் பழைய கடற்கரைப் படங்கள் இருந்தால் அலுவலகத்தில் கொடுங்கள், அடுத்த இதழில் போடலாம். அப்பா செருப்போடு நிற்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, முதலில் அதையே தருகிறேன்.